20 ரூபாய்க் கோடு

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கோவில்பட்டி. ஈ.சி.இ. கடைசி ஆண்டு படிக்கிறேன். டெல்லியில் ஒரு வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில், தொழில்நுட்பக் கொள்கைப் பிரிவில், மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்து மாதிரி அனுப்பச் சொல்கிறார்கள். நான் இதுவரை எழுதியது லேப் ரெக்கார்டு மட்டும்தான். கேம்பஸில் ஓர் ஐ.டி. வேலையும் கிடைத்திருக்கிறது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். "வெளிநாட்டு விவகாரத்துக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. அரசியல் அறிவியல் படித்தவர்கள் நடுவில் நான் போய் என்ன செய்வேன்? இந்தியும் தெரியாது. ஸ்டைபண்ட் தருவார்கள் என்கிறார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. போகலாமா?

பதில்:

தம்பி, அப்பா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் நேர்முகத்திலும் பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள்.

சீன லைட்டர் விவகாரத்தை அவரிடம் கேட்டுப் பாருங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார். பத்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வியாபாரத்தைத் தின்றுவிடுகிறது என்று உங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப நாளாக முறையிட்டு வந்தார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை போட்டது: இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் நாட்டுக்குள் வரக்கூடாது, 20 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வரலாம். அப்புறம் என்ன ஆயிற்று? லைட்டராக வராமல் உதிரிப்பாகமாக வருகிறது, இங்கே ஒன்றாகப் பொருத்தி விற்கிறார்கள் என்று தீப்பெட்டிக்காரர்கள் மறுபடி புகார் சொன்னார்கள். 2024 அக்டோபரில் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தது.

இதை அப்படியே வைத்துக்கொண்டு வாஷிங்டனுக்கு வாருங்கள். 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வர்த்தகத் துறை, சீனாவுக்கு உயர்ரக ஏ.ஐ. சிப்புகள் போவதைத் தடுக்க விதி போட்டது. அதிலும் எண்ணால்தான் கோடு. சிப்பின் கணக்கிடும் திறன் ஒரு வரம்பைத் தொட்டு, பக்கத்துச் சிப்போடு தரவு பரிமாறும் வேகமும் நொடிக்கு 600 ஜிகாபைட்டைத் தொட்டால் லைசென்ஸ் வேண்டும். அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் ஏ100 சிப் சரியாக அந்த 600-இல் மாட்டியது. என்ன செய்தார்கள்? அதே சிப்பில் அந்த வேகத்தை மட்டும் 400-ஆகக் குறைத்து, ஏ800 என்று பெயர் மாற்றிச் சீனாவுக்கு விற்றார்கள். சட்டப்படி குற்றமே இல்லை. ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில், அமெரிக்க அரசு அந்த 600 அளவுகோலையே தூக்கிப்போட்டுவிட்டு, சிப்பின் மொத்தத் திறனையும், அதன் பரப்பளவுக்கு எவ்வளவு திறன் என்பதையும் பார்க்க ஆரம்பித்தது. ஏ800-ம் வலைக்குள் வந்துவிட்டது.

லைட்டரும் சிப்பும் ஒரே கதைதான். அரசு ஏதாவது ஓர் எண்ணில் கோடு போடும். கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்று வியாபாரம் பண்ண ஒருவர் வழி கண்டுபிடிப்பார். அரசு கோட்டை நகர்த்தும். கோடு ஏன் அங்கே போடப்பட்டது, யார் அதைச் சுற்றிப் போவார்கள், நடுவில் நிற்கும் இந்தியாவுக்கு அதனால் என்ன என்று யோசித்து எழுதுவதுதான் நீங்கள் போகப்போகிற இடத்து வேலை. "20 ரூபாய் என்று போட்டது யார், ஏன் 25 இல்லை என்று விசாரிக்கிற வேலைப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியும்.

அரசியல் அறிவியல் படித்தவர்களைப் பார்த்து ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிகிறது. நானும் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு டெல்லிக்குப் போனவன்தான். முதல் மாதம் முழுக்க, எல்லோரும் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டே வாயடைத்துப் போயிருந்தேன். ஆனால் அந்த 2022 விதியில் இன்னொரு வரி இருக்கிறது. சீனாவில் இருக்கும் ஒரு சிப் ஆலை, 16 அல்லது 14 நானோமீட்டரிலோ அதற்குக் கீழோ சிப் செய்கிறதென்றால், அல்லது தட்டையாக இல்லாத அமைப்புள்ள டிரான்சிஸ்டர்களைச் செய்கிறதென்றால், அந்த ஆலைக்கு அமெரிக்கக் கருவிகள் போகக் கட்டுப்பாடு. தட்டையாக இல்லாத அமைப்பு என்றால் உங்களுக்குச் சட்டென்று ஃபின்ஃபெட் (மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் டிரான்சிஸ்டர்) ஞாபகம் வந்திருக்கும். வி.எல்.எஸ்.ஐ. என்ற சிப் வடிவமைப்புப் பேப்பரில் படம் வரைந்திருப்பீர்கள். "14 நானோமீட்டர்" என்பது சிப்பின் எந்தப் பகுதியையும் ஸ்கேல் வைத்து அளந்த அளவு இல்லை, வெறும் தலைமுறைப் பெயர் என்பதும் தெரிந்திருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பலருக்கு அது தெரியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மறுநாள் வெளியாக வேண்டிய ஒரு குறிப்பில் "14 நானோமீட்டர் சிப்புகளைச் சீனாவுக்கு விற்கத் தடை" என்று இருந்தது. மூன்று பெரியவர்கள் படித்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். தடை சிப் விற்பதற்கு இல்லை, அதைச் செய்கிற ஆலைக்குக் கருவி கொடுப்பதற்கு என்று கண்டுபிடித்துச் சொன்னது, வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு இன்டர்ன். அந்தப் பெண்ணும் உங்களைப் போல ஈ.சி.இ.தான். செய்தித்தாளைப் படிக்காமல் நேராக விதியைப் படித்திருந்தாள், அவ்வளவுதான்.

வெளியுறவு பேசுகிற இடங்களுக்கு எதற்கு சிப், கேபிள் என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். முன்பெல்லாம் எல்லை, அணுகுண்டு, எண்ணெய் என்றுதான் பேசுவார்கள். மெல்ல மாறியது. டெல்லியில் 1990-இல் தொடங்கிய அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம், சைஃபை என்ற இணையக் கொள்கை மாநாட்டை 2013-இலேயே ஆரம்பித்துவிட்டது. 2016-இல் வந்த இன்னொரு நிறுவனமான கார்னெகி இந்தியா அதே ஆண்டிலிருந்து குளோபல் டெக்னாலஜி சம்மிட் நடத்துகிறது. 2020 தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சகமே புதிய தொழில்நுட்பங்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு எல்லையில் சீனாவோடு நடந்த கல்வான் மோதல் முடிந்த இரண்டே வாரத்தில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. (தேதியைப் பாருங்கள், அதுவும் ஜூன் 29.) எல்லைச் சண்டைக்குப் பதில் ஆப் ஸ்டோரில் கொடுக்கப்பட்டதென்றால், ஆப் ஸ்டோர் தெரிந்த ஆள் வெளியுறவு நிறுவனத்துக்கு வேண்டித்தானே இருக்கும்?

சரி, அங்கே போனால் தினமும் என்ன செய்வீர்கள்? முதல் இரண்டு வாரம் அடிக்குறிப்பு சரிபார்ப்பீர்கள். கேட்க அலுப்பாக இருக்கும். கட்டுரையில் நாற்பது அடிக்குறிப்பு என்றால் நாற்பதையும் திறந்து, சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது இந்த வேலை இன்னும் முக்கியமாகிவிட்டது, ஏனென்றால் ஏ.ஐ.யை வைத்து எழுதுகிறவர்கள் இல்லாத கட்டுரைக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டுவிடுகிறார்கள். அப்புறம் காலவரிசை அட்டவணை போடச் சொல்வார்கள். கருத்தரங்கு நடந்தால் பெயர்ப் பலகை வைப்பீர்கள், மைக் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், உட்கார்ந்து குறிப்பெடுப்பீர்கள். மூடிய அறைக் கூட்டங்களில் "சாத்தம் ஹவுஸ் விதி" என்பார்கள். லண்டனில் அந்தப் பெயருள்ள நிறுவனத்தில் 1927-இல் பிறந்த வழக்கம். கேட்ட விஷயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், யார் சொன்னது என்று மட்டும் வெளியே சொல்லக்கூடாது. நண்பர்களின் வாட்ஸாப் குழுவும் "வெளியே"தான். இதில் ஒருமுறை சறுக்கினால் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர், "இதை ஒரு பக்கத்தில் சொல்லு" என்று ஒரு விதியையோ கூட்டறிக்கையையோ உங்கள் கையில் கொடுப்பார். உண்மையான இன்டர்ன்ஷிப் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் காலடி மண் சரிந்துகொண்டே இருக்கும். 2025 ஜனவரியில் பைடன் அரசு கிளம்புகிற நேரத்தில், ஏ.ஐ. சிப்புகளை எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்கலாம் என்று உலகத்தையே மூன்று வரிசையாகப் பிரித்து ஒரு விதி போட்டது. முதல் வரிசையில் 18 நாடுகள், அதில் இந்தியா இல்லை. டெல்லியில் இருக்கிற எல்லோரும் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தார்கள். மே மாதம் டிரம்ப் அரசு அந்த விதியைக் கைவிட்டது. நாலு மாத உழைப்பு போச்சு. நான் எழுதிக்கொண்டிருந்த ஒன்றும் அதோடு போனது, இன்னும் கணினியில் கிடக்கிறது.

எழுத்து மாதிரிக்கு வருவோம். சிப்பை எடுக்காதீர்கள். உங்களோடு விண்ணப்பித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் எழுதியிருப்பார்கள். "செயற்கை நுண்ணறிவும் உலக அரசியலும்" என்ற ரகத் தலைப்பை நினைத்தும் பார்க்காதீர்கள், படிக்கிறவர் தலைப்பிலேயே தூங்கிவிடுவார்.

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தூத்துக்குடி. 2006-இல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து அங்கிருந்து கொழும்புப் பக்கம் கல்கிசைக்குக் கடலடியில் கேபிள் போட்டார்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தது. சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற கேபிள்களும் சென்னையில் கரையேறுகின்றன. நாடுகளுக்கு இடையே ஓடும் இணையத்தில் மிகப் பெரும்பகுதி இப்படிக் கடலுக்கடியில்தான் ஓடுகிறது, செயற்கைக்கோளில் அல்ல. 2022 ஜனவரியில் டோங்கா தீவில் எரிமலை வெடித்து, இருந்த ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தபோது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது.

இதில் ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தியக் கடலில் ஒரு கேபிள் அறுந்தால், பழுதுபார்க்கும் கப்பல் அந்த இடத்துக்கு வந்து வேலையைத் தொடங்க யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஜூனில் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது பற்றி விரிவான பரிந்துரை வெளியிட்டிருக்கிறது, பழுதுபார்க்கும் கப்பல் விவகாரமும் அதில் வருகிறது. முழுதாகப் படியுங்கள். சுருக்கம் போதாது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 113-ஆம் பிரிவு, கேபிளைச் சேதப்படுத்துவது குற்றம் என்று ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது. 1884-லேயே தந்திக் கேபிள்களுக்காகப் பாரிசில் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி பதில்களில் தேடுங்கள். அமைச்சர்கள் எழுத்தில் கொடுத்த பதில்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இன்டர்ன்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அனுமதி, அதைத் தரும் அமைச்சகம், எந்த விதிப்படி என்று ஓர் அட்டவணை போட்டீர்களானால் அதுவே மாதிரியின் முதுகெலும்பு.

லேப் ரெக்கார்டு மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அது நல்ல பயிற்சி, தலைகீழாகப் போட வேண்டும், அவ்வளவே. ரெக்கார்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, அளவீடு எல்லாம் போட்டுக் கடைசியில் முடிவை எழுதுவீர்கள். கொள்கைக் குறிப்பில் முடிவு முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும், ஏனென்றால் அதைப் படிக்கும் அமைச்சக இணைச் செயலாளர் இரண்டாம் பத்திக்கு வருவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்புறம் ஆதாரம். அப்புறம், உங்கள் யோசனைப்படி நடந்தால் யாருக்குச் செலவு, யார் எதிர்ப்பார்கள் என்று ஒரு பத்தி. அதை எழுதாதவர்கள்தான் அதிகம். கடைசியில் "அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று கை தானாக எழுதும். அடித்துவிடுங்கள். எந்தத் துறை, எந்த விதியில், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். அழகான ஆங்கிலம் வேண்டாம். குட்டி வாக்கியமாக, பிழையில்லாமல் இருந்தால் போதும்.

நேர்முகத்தில், அந்தப் பிரிவின் தலைவர் கடைசியாக எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு உட்காருங்கள். எங்காவது உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் மரியாதையாகச் சொல்லுங்கள். கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அது வேலை செய்ய ஏற்ற இடமில்லை என்று மூன்று மாதம் வீணாகாமலே தெரிந்துகொண்டீர்கள்.

நீங்களும் அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஸ்டைபண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், எழுத்தில் தாருங்கள். "அனுபவம்தான் சம்பளம்" என்று பதில் வந்தால், வீட்டில் வசதியுள்ள பிள்ளைகள் போகட்டும், நீங்கள் போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

நான் எழுதுவதில் என் பெயர் வருமா? என் முதல் இன்டர்ன்ஷிப்பில் இருபது பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேறொருவர் பெயரில் வெளிவந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில்கூட நான் இல்லை. முன்கூட்டிக் கேட்டிருந்தால் அப்படி நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடக்கும் என்பதாவது தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பணம் எங்கிருந்து வருகிறது. சப்ரு ஹவுஸில் இருக்கும் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பணம், மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணம். மற்ற இடங்களில் கம்பெனிகள், அறக்கட்டளைகள், வெளிநாட்டுத் தூதரகங்கள் என்று கலந்திருக்கும். யார் பணமும் தீட்டு இல்லை. ஆனால் ஒரு தொழில்நுட்பக் கம்பெனி நிதி தரும் இடத்தில் அந்தக் கம்பெனியைப் பற்றிய விதியை நீங்கள் ஆராய நேர்ந்தால், அதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். பணம் திடீரென்று நிற்கவும் செய்யும். டெல்லியின் சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் என்ற பழைய, பெரிய நிறுவனத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. அங்கே ஆட்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். இது அரசு வேலை இல்லை என்பதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தி பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். ஆட்டோக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் வேண்டும், ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். முனிர்காவில் சின்ன அறைகள் கிடைக்கும், பக்கத்தில் ஆர்.கே. புரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நாக்கு செத்துப்போகாது. டிசம்பர், ஜனவரி என்றால் ஊரிலிருந்தே நல்ல ஸ்வெட்டர் எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், கோவில்பட்டி ஸ்வெட்டர் அங்கே பனியனுக்குச் சமம். டெல்லிச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு ஊர்களையும் பாருங்கள். பெங்களூரில் தக்ஷசீலா, மும்பையில் கேட்வே ஹவுஸ் என்று இதே மாதிரி ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. டெல்லிதான் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

ஐ.டி. வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆஃபர் லெட்டரில் சேர வேண்டிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் படிப்பு முடிந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் கூப்பிடுகிறார்கள். எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுத் தேதியைக் கேளுங்கள். மூன்று மாதம் அந்த இடைவெளிக்குள் அடங்கினால் சண்டையே இல்லை. அடங்கவில்லை என்றால், அப்போதும் நான் உங்களைப் போகச் சொல்வேனா? வீட்டுக் கடன், தங்கை படிப்பு என்று ஏதாவது இருந்தால் மாட்டேன். முதலில் வேலையில் சேருங்கள். இரண்டு ஆண்டு புரோகிராம் எழுதிவிட்டு வருகிற ஆளை இந்தப் பிரிவுகள் இன்னும் சந்தோஷமாக எடுத்துக்கொள்கின்றன. அப்படி ஒன்றும் இல்லை என்றால் போய் வாருங்கள்.

இன்னொன்று. கேபிள் பற்றி எழுதி முடித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால், அப்பாவோடு உட்கார்ந்து அந்த லைட்டர் கதையையும் தேதிவாரியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2023-க்கும் 2024-க்கும் நடுவில் உதிரிப்பாகம் எப்படி வந்தது, எந்த ரூபத்தில் வந்தது, கடைக்காரர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று அவருக்குத் தெரிந்த இரண்டு வியாபாரிகளாவது சொல்வார்கள். டெல்லியில் யாரிடமும் அந்தத் தகவல் கிடையாது.